பழி தமிழ்ப் பெயர் மேல், பிழை ஒரு பைட்டில்: ஸ்டூடியோ பேக்கப் குறித்த நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் இருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்கு பேக்கப் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். ராத்திரி 11 மணிக்கு ஓடும். கல்யாணப் படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் படித்து, புதிதாக வந்ததையெல்லாம் இன்னொரு டிஸ்க்கில் எழுதும். சித்திரையில் கொடுத்தேன். ஆனித் தேர் வாரத்தில் ஸ்டூடியோ முதலாளி அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அம்பாசமுத்திரத்துப் பார்ட்டி ஆல்பத்துக்கு இன்னொரு காப்பி கேக்காவ. சரி, ஒம்ம பேக்கப் டிஸ்க்ல இருந்தே எடுப்பமேன்னு பாத்தா, உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் டிஸ்க்கு."

மூலப் படங்கள் பத்திரமாக இருந்தன. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்குப் படபடப்பு வேண்டாம். போனது என் மானம் மட்டும்தான். தேருக்காக டவுனில் வண்டியை விடவில்லை; பாளையிலிருந்து வந்து ஆர்ச் பக்கம் நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குள் நடந்தே போனேன்.

லாக் ஃபைலைத் திறந்தால் எல்லா ராத்திரிக்கும் ஒரே வரி: முடிந்தது, நகலெடுத்தவை 0, பிழைகள் 0. இரண்டு மாதத்துக்கும் மேலாக இப்படி. புரோகிராம் விழவில்லை, தொங்கவில்லை, ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. சொன்ன நேரத்துக்கு எழுந்து, ஒன்றும் செய்யாமல், வேலை முடிந்தது என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறது.

சந்தேகம் போன இடம்

ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்க்கும் பையன் நான் உட்காருவதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டான். "தமிழ்ல ஃபோல்டர் பேரு வச்சா சிஸ்டம் எடுக்காதுண்ணே. நான் அப்பவே சொன்னேன்." அண்ணாச்சி ஊர் வாரியாகத்தான் படங்களைப் பிரித்து வைப்பார். அம்பை, பேட்டை, டவுன், பாளை, மேலப்பாளையம், கொக்கிரகுளம் என்று எல்லாம் தமிழில். நிறுவும்போது நான் சோதித்த ஃபோல்டருக்கோ ஆங்கிலப் பெயர். அது ஓடியது, இவை ஓடவில்லை. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். புரோகிராம் கர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், என்ன கேட்கிறது, கர்னல் என்ன பதில் தருகிறது என்பதை வரி வரியாகக் காட்டும் கருவி அது. டைரக்டரியை, அதாவது ஃபோல்டரை, திறந்ததும் உள்ளே இருக்கும் பெயர்களைக் கேட்கும் கெட்டென்ட்ஸ்64 அழைப்பு ஒன்று. பதிலை நிரப்ப நான் கொடுத்த இடம், அதாவது பஃபர், 32768 பைட். கர்னல் தந்த பதில்: 9 பதிவுகள், 376 பைட். அடுத்த அழைப்புக்குப் பதில் 0, அதாவது இனி ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் புரோகிராம் எந்த ஃபோல்டரையும் திறக்கக்கூட முயலவில்லை, நேரே முடித்துக்கொண்டது.

ஆக, பெயர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. வந்ததை வைத்துக்கொண்டு என் புரோகிராம்தான் ஒன்றும் செய்யவில்லை. முழு விவரமும் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஓடியது:

\340\256\225\340\257\212 ...

பின்னால் நின்று பார்த்த பையனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, எழுத்தெல்லாம் ஒடஞ்சு போச்சு."

உடையவில்லை. ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துக் குறியீடு) அல்லாத பைட்டுகளை எஸ்ட்ரேஸ் எட்டின் அடிமான எண்ணாக அச்சிடும், அவ்வளவுதான். 340, 256, 225 சேர்ந்தால் 'க'. 340, 257, 212 சேர்ந்தால் 'ொ'. கொக்கிரகுளத்தின் தலையெழுத்து முழுசாகத்தான் வந்திருந்தது.

லினக்ஸ் கர்னலுக்கு எழுத்து என்றால் என்னவென்றே பொதுவாகத் தெரியாது. ஃபைல் பெயரில் இரண்டே இரண்டு பைட் வரக்கூடாது: பாதையைப் பிரிக்கும் சாய்கோடு, அதன் மதிப்பு 47, பெயர் முடிந்தது என்று சொல்லும் சுழி, மதிப்பு 0. யூனிகோடு எழுத்துகளை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும். அதனால் ஒரு தமிழ்ப் பெயருக்குள் சாய்கோடோ சுழியோ தற்செயலாக முளைக்க வழியே இல்லை. தமிழ் நஷ்டப்படுவது நீளத்தில்தான். பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு சரி. உயிர்மெய்யில் மெய்யும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு அதைவிடக் குறையும்.

இதையெல்லாம் பையனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்பதால் மாற்றிப் போட்டுக் காட்டினேன். சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டியில் 'நெல்லை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி இரண்டு படம் போட்டேன். நகல் ஏறியது. படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஆங்கிலப் பெயரில் ஒன்று உண்டாக்கி ஓட்டினேன். ஏறவில்லை. என் பழைய சோதனையில் பெயரும் டிஸ்க்கும் சேர்ந்தே மாறியிருந்தன. இரண்டில் நாங்கள் தப்பானதைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இதை சித்திரையிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ஒரு பதிவைப் பிரித்துப் பார்த்தால்

கெட்டென்ட்ஸ்64 பஃபரில் நிரப்பித் தருவது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய பதிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் 8 பைட் ஐநோடு எண்; ஐநோடு என்பது ஒரு ஃபைலின் விவரங்களை டிஸ்க்கில் வைத்திருக்கும் குறிப்பு. அடுத்த 8 பைட், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான அடையாளம். அதற்கடுத்த 2 பைட் இந்தப் பதிவின் நீளம், டி_ரெக்லென் என்பார்கள். அப்புறம் ஒரே ஒரு பைட், டி_டைப்: இது ஃபைலா, டைரக்டரியா, லிங்க்கா என்று சொல்வது. இந்த 19 பைட்டுக்குப் பின் பெயர், கடைசியில் ஒரு சுழி. மொத்த நீளம் 8இன் மடங்காக வரும்படி மிச்ச இடம் விடப்படும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'நெல்லை' என்பது ந, ெ, ல, ், ல, ை என்று 6 குறியீடு, 18 பைட். தலைப்பகுதி 19, பெயர் 18, சுழி 1, ஆக 38. எட்டின் மடங்காக ஏற்றினால் 40. 'பாளை' 4 குறியீடு, 12 பைட், பதிவு சரியாக 32. ஒற்றைப் புள்ளிக்கும் இரட்டைப் புள்ளிக்கும் தலா 24.

இந்த 24இல் ஒரு கண்ணி இருக்கிறது, புதிதாக எழுதுகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை விழுவார்கள். அடுத்த பதிவுக்குப் போக டி_ரெக்லென் அளவு நகர வேண்டும். அதை விட்டுவிட்டு, சி மொழியில் அந்தப் பதிவின் வடிவத்தைச் சொல்லும் ஸ்ட்ரக்ட்டின் அளவு எவ்வளவோ அவ்வளவு நகர்ந்தால்? 64 பிட் கணினியில் அந்த அளவும் 24தான். புள்ளி சரியாக வரும், இரட்டைப் புள்ளி சரியாக வரும், மூன்றாவதன் தலைகூடச் சரியாக வரும். அதற்கப்புறம் பெயரின் நடுவில் போய் நின்றுகொண்டு அதை ஐநோடு எண் என்று படிக்கும். காலி ஃபோல்டரில் சோதித்தால் கடைசிவரை தெரியாது. நான் முதலில் சந்தேகப்பட்டது என் கோடில் இதைத்தான். அது சுத்தமாக இருந்தது.

மிச்சம் இருந்தது அந்த ஒற்றை பைட். விவரத்தில் ஒன்பது பதிவுக்கும் டி_டைப் ஒரே மாதிரி: டிடி_அன்நோன். மதிப்பு 0.

என் கோட் செய்தது இவ்வளவுதான். டி_டைப் 4 என்றால் டைரக்டரி, உள்ளே போ. 8 என்றால் சாதாரண ஃபைல், நகலெடு. வேறு எதுவானாலும் தாண்டிப் போ. அந்த 'வேறு எதுவானாலும்' என்பதில் லிங்க், சாக்கெட், பைப் எல்லாம் விழும் என்று நினைத்து எழுதினேன். 0 விழும் என்று நினைக்கவில்லை. 0 என்பதற்குப் பொருள் இது ஃபைல் இல்லை என்பதல்ல. எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள் என்பது. மொய் நோட்டில் பெயர் எழுதி, ஊர் எழுத விட்டுப் போயிருந்தால், அந்த ஆள் கல்யாணத்துக்கே வரவில்லை என்று யாராவது சொல்வார்களா? நான் சொல்லியிருக்கிறேன், ஒன்பது பேரைப் பார்த்து.

டிஸ்க் ஏன் தெரியாது என்றது

அந்தப் பெட்டி அண்ணாச்சி செகண்ட் ஹேண்டில் எடுத்த பழைய சர்வர். படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை அப்போது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் போட்டு ஃபார்மேட் செய்துகொடுத்தவர் இப்போது சென்னையில். பின்னால் நான் சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாட்டி டெபியன் லினக்ஸ் ஏற்றினேன், இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையில். பழைய டிஸ்க்கைத் தொடவில்லை. அது எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டம்.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் டைரக்டரிப் பதிவோடு வகையையும் சேர்த்து எழுதுவது பின்னால் வந்த வசதி, எஃப்டைப் என்று பெயர். புதிய ஐந்தாம் வடிவத்தில் அது எப்போதும் உண்டு. பழைய நான்காம் வடிவத்தில் ஃபார்மேட் செய்யும்போதே கேட்டு வாங்கினால்தான் உண்டு. சென்ட்ஓஎஸ் 7இன் முதல் வெளியீடுகள் தாமாக அதைப் போடவில்லை.   எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ கட்டளை அடித்தேன். எஃப்டைப்=0 என்று பளிச்சென்று நின்றது.

டிஸ்க்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டைரக்டரியில் பெயரும் ஐநோடு எண்ணும் மட்டும் இருப்பதுதான் யூனிக்ஸின் ஆதி வழக்கம். 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு பதிவுக்கு மொத்தமே 16 பைட்: 2 பைட் ஐநோடு எண், 14 பைட் பெயர். டைரக்டரியைத் திறந்து சாதாரண ஃபைல் போலவே படிக்கலாம். பாடத்துக்காக எழுதப்பட்ட சின்ன இயங்குதளமான எக்ஸ்வி6இல் இன்றும் அப்படித்தான். நான் முதலில், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எழுதிப் பழகியதும் அதில்தான். இன்றைய லினக்ஸில் டைரக்டரியை அப்படிப் படிக்கப் போனால், இது டைரக்டரி என்று கர்னல் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும். அந்தப் பழைய 14 பைட்டுக்குள் 'நெல்லை' அடங்காது என்பது வேறு விஷயம். 'பாளை' அடங்கும். பாளைக்காரன் என்ற முறையில் இதை அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

வகை என்பது ஐநோடுக்குச் சொந்தமான விவரம். டைரக்டரியில் அதன் நகல் ஒன்றைக் குறித்துவைப்பது, ஒவ்வொரு ஐநோடையும் தேடிப் போகும் அலைச்சலை மிச்சப்படுத்த. லினக்ஸ் கையேடான மேன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: எல்லா ஃபைல் சிஸ்டமும் இதை முழுசாகத் தராது, டிடி_அன்நோன் வந்தால் எல்லாப் புரோகிராமும் சரியாகக் கையாள வேண்டும் என்று. நான் அதைப் படித்தவன்தான். படித்தபோது என் மடிக்கணினி முழுக்க இஎக்ஸ்டி4, அதனால் யாருக்கோ சொன்னது போலக் கடந்துவிட்டேன்.

ஏன் டைரக்டரியைப் படிக்க சி நூலகம் தரும் ரீட்டிர் பயன்படுத்தாமல் நேரே கர்னலை அழைத்தாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். பஃபர் அளவை நானே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மையில் பாதி வீம்பு. ஆனால் ரீட்டிர் போட்டிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டேன். சி நூலகம் அந்த பைட்டை அப்படியே கையில் தரும், ஒரு திருத்தமும் செய்யாது. போதாக்குறைக்கு ரீட்டிருக்கு வேறு ஒரு வில்லங்கம் உண்டு: முடிந்துவிட்டது என்பதற்கும் பிழை என்பதற்கும் நல் என்ற ஒரே வெற்று மதிப்புதான் வரும். அழைப்பதற்கு முன், பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவை 0 ஆக்கி வைத்துக்கொண்டால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

திருத்தியது

0 வந்தால் எஃப்ஸ்டாட்அட் அழைத்து ஐநோடிடமே கேட்பது என்று மாற்றினேன். முழுப் பாதையை ஒட்டவைத்துக் கொடுக்காமல், ஏற்கெனவே திறந்திருக்கும் டைரக்டரியின் எண்ணையும் பெயரையும் மட்டும் கொடுத்தேன். நடுவில் யாராவது மேல் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் தடம் மாறாது. லிங்க்கைப் பின்தொடராதே என்ற கொடியும் கட்டாயம். இல்லாவிட்டால் மேலே இருக்கும் ஃபோல்டரையே காட்டும் ஒரு லிங்க் போதும், புரோகிராம் தேர் மாதிரி நாலு ரத வீதியையும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெயரைப் படித்ததற்கும் கேட்டதற்கும் இடையில் ஃபைல் அழிந்திருந்தால் இல்லை என்று பிழை வரும். அதைக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகும்.

இதனால் வேகம் குறையும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அழைப்பு, சுழலும் டிஸ்க்கில் ஐநோடுகள் சிதறிக் கிடந்தால் ஊசி அங்கும் இங்கும் ஓட வேண்டும். ராத்திரி 11 மணிக்கு யார் காத்திருக்கப் போகிறார்கள்? டி_டைப் தரும் டிஸ்க்கில் இந்த அழைப்பே நடக்காது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மௌனம். இப்போது படித்த பதிவுகள் எத்தனை, உள்ளே போனவை எத்தனை, நகலெடுத்தவை, தாண்டியவை எத்தனை என்று தனித்தனிக் கணக்கு. கூட்டல் பொருந்த வேண்டும். தாண்டிய ஒவ்வொன்றுக்கும் பெயரும் காரணமும் லாக்கில் விழும். பதிவுகள் இருந்தும் ஒன்றுகூட நகலுக்குத் தேறவில்லை என்றால் புரோகிராம் தோல்வி என்று சொல்லித்தான் முடியும், அண்ணாச்சி போனுக்கு மெசேஜும் போகும்.

டிஸ்க்கையே மாற்றி ஃபார்மேட் செய்திருக்கலாமே என்றால், எஃப்டைப்பை இருக்கிற டிஸ்க்கில் திறந்துவிட வழியில்லை. அழித்துத்தான் போட வேண்டும். அழிக்க பேக்கப் வேண்டும். பேக்கப் இல்லாததுதான் பிரச்சினையே. நான்காம் வடிவத்துக்கான ஆதரவை 2030 செப்டம்பரில் கர்னலிலிருந்து எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு இருக்கிறது. அதற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "2030ஆ? அதுவரைக்கும் இந்த டிஸ்க்கு இருக்கணுமே தம்பி" என்றார்.

இரண்டு கொக்கிரகுளம்

அன்று சாயங்காலம் திருத்திய புரோகிராம் ஓடி, பேக்கப் டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. பையன் அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "அண்ணே, கொக்கிரகுளம் ரெண்டு தடவ வந்திருக்கு. ஒங்க புரோகிராம் டபுளா எடுக்கு."

காலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கர்னல் சொன்னது 9 பதிவு. புள்ளி இரண்டையும் கழித்தால் 7. அண்ணாச்சியின் ஊர்ப் பட்டியலில் 6. எஸ்ட்ரேஸ் விவரத்துக்குத் திரும்பிப் போனேன். ஒரு கொக்கிரகுளத்தின் நீளம் 56, இன்னொன்றின் நீளம் 64. முதலாவது நான் முன்பு பார்த்தது. இரண்டாவது இப்படித் தொடங்கியது:

\340\256\225\340\257\206\340\256\276 ...

க, ெ, ா. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இப்படி இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பெயர் 36 பைட்டாக இருந்தால் 19, 36, 1 கூட்டி சரியாக 56. 39 பைட்டானால் 59, மடங்குக்கு ஏற்றினால் 64. பைட் வேறு என்றால் கர்னலுக்குப் பெயரும் வேறு. ஆக அந்த டிஸ்க்கில் உண்மையிலேயே இரண்டு ஃபோல்டர் இருந்தது.

விசாரித்ததில், பழைய ஆல்பப் பட்டியல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்ததாம். அதில் கொம்பு, க, கால் என்று மூன்று விசை. அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி இடத்தை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டையும் சேர்க்காமல் விட்டிருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பி செய்து பையன் ஒரு ஃபோல்டர் உண்டாக்கியிருக்கிறான். அண்ணாச்சி தன் கீபோர்டில் அடித்து உண்டாக்கியது மற்றது. தமிழ்ப் பெயர்தான் காரணம் என்று அவன் சொன்னதில் கால்வாசி உண்மை இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

புரோகிராமே இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். உள்ளே ஒரே பெயரில் இரண்டு வேறு படம் இருந்தால் எதை விடுவது என்று பேக்கப் தீர்மானிக்கக் கூடாது; இருப்பதை இருக்கிறபடி எடுப்பதுதான் அதன் வேலை. ஒன்றுபோலத் தெரிந்து பைட்டில் வேறுபடும் பெயர்களை மட்டும் லாக்கில் காட்டும்படி செய்தேன்.

அண்ணாச்சி இரண்டு ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "போன வைகாசியில ஒரு வீட்டுக்கு முகூர்த்தம் மட்டும் இருக்கு, ரிசப்ஷன காணோம்னு தேடுனமே, இங்கல்லா கெடக்கு" என்றார். பையனை உட்கார வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லி, காலியானதை அவரே அழித்தார். மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது கர்னல் 8 பதிவு, 312 பைட் என்றது.